உபுண்டுவும் விண்டோஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் சேஃப் மோடுக்குப் போன அனுபவம்

விண்டோஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் கருப்புத் திரை, நடுவில் மவுஸ் அம்புக்குறி மட்டும். மாம்பழ சீசன் நேரம், மாங்கூழ் ஆலைக்கு அனுப்ப வேண்டிய பில் எல்லாம் விண்டோஸில் இருக்கிற டேலி கணக்கு மென்பொருளில் மாட்டிக்கொண்டது. அதே லேப்டாப்பில் இருக்கிற உபுண்டு என்ற லினக்ஸ் எந்தத் தொந்தரவும் இல்லாமல் திறந்தது. அப்படியென்றால் ஹார்டு டிஸ்க்கும் திரையும் நன்றாகத்தான் இருக்கின்றன, திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்பிளே டிரைவர்தான் கெட்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். சேஃப் மோடுக்குப் போக கடைக்காரப் பையன் F8-ஐத் தட்டிக்கொண்டே இருந்தான். விண்டோஸ் 8-க்குப் பிறகு அந்த வழி சாதாரணமாக வேலை செய்யாது. அப்புறம், உபுண்டுவா விண்டோஸா என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவில் உபுண்டுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் ரெக்கவரி மோடைத் திறந்தான், ரெஸ்யூம், கிளீன், ரூட் என்று எழுத்துப் பட்டியல் வந்தது. அதைக் காட்டி, "சிஸ்டம் கிராஷ் ஆயிடுச்சுண்ணா, லினக்ஸ எடுத்துட்டு ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறான். டேலி டேட்டா என்னாகும் என்று கேட்டால், "அது போயிரும்ண்ணா." அவன் திறந்தது உபுண்டுவின் ரெக்கவரி, விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது! ஒரு வருஷக் கணக்கை அழிக்கச் சொல்லும் முன் இதைக்கூடப் பார்க்க வேண்டாமா? கோபத்தோடு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் செய்தது இதுதான். கிரப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸே ரிப்பேர் திரைக்குப் போய்விடும். டிஸ்க்குக்கு நல்லதில்லை, வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். லாகின் திரை வரை வருகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். இரண்டு வழியிலும் வரும் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும், வீடியோ போடுகிற யாரும் இதைச் சொல்வதில்லை. அந்த ரீஸ்டார்ட்டும் கிரப் வழியாகத்தான் வரும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் 10 விநாடியில் உபுண்டு திறந்துகொள்ளும். கீ போர்டிலேயே கையை வைத்திருந்து மறுபடி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால்தான் எண் பட்டியல் வரும். 4 சேஃப் மோடு, 5 இன்டர்நெட்டோடு சேஃப் மோடு.

எனக்கு நடுவில் நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்டது, மொத்தம் 48 இலக்கம். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தேன், அங்கே இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒப்பிட்டு எடுங்கள். இதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், டிஸ்க் பூட்டியிருந்தால் அந்தக் கீ இல்லாமல் உபுண்டுவிலிருந்தும் ஃபைலை எடுக்க முடியாது.

உள்ளே போகும்போது பின் நம்பரை ஏற்கவில்லை, பாஸ்வேர்டு போட வேண்டியிருந்தது. நான்கு மூலையிலும் சேஃப் மோடு என்ற எழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சே வந்தது. டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், டிரைவர், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பட்டன். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணலாம்.

விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து போகும் வழியும் உண்டு, ஆனால் அந்த டிக்கை எடுக்கிற வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான் வரும். ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியே போனால் அந்த ஒரு முறையோடு சரி.

அடுத்த ரீஸ்டார்ட்டில் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. முதல் வேலையாக டேலி டேட்டாவை பென் டிரைவில் எடுத்துவிட்டு, அன்று ராத்திரியே பில் அத்தனையும் ஆலைக்கு அனுப்பிவிட்டேன்.