துரையின் காதும் என் மூக்கும்

ஒரு வாரமாக நான் எது சொன்னாலும் துரை தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தான். ‘வா’ என்றால் இரண்டு ஆட்டு, ‘உட்கார்’ என்றால் மூன்று ஆட்டு. துரை எங்கள் வீட்டு நாய், காக்கர் ஸ்பானியல் ஜாதி. நாலு வயசு. காது இரண்டும் தாவாங்கட்டையைத் தாண்டித் தொங்கும். தலையை ஆட்டினால் அவை கன்னத்தில் பட் பட் பட் என்று அறையும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திறந்தேன். வெளியே ஒருவரும் இல்லை. பின்னால் துரை நின்றுகொண்டு, இந்த நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய் என்பதுபோலப் பார்த்தான்.

“அப்படியே உங்களை மாதிரி ஆயிட்டான். எதுக்கெடுத்தாலும் இல்லைங்கிறான்” என்றாள் மனைவி.

அதே வாரம்தான் வீட்டில் அந்த வாடையும் கிளம்பியது. ஈரத்துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அது. முதல் சந்தேகம் என் சாக்ஸ் மேல். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாக்ஸ் துவைக்கப்பட்டது. அடுத்து பையனின் ஷூ வெயிலுக்குப் போனது. அப்புறம் சோபா உறை. மூன்றும் சுத்தமாகத் திரும்பி வந்தன. வாடையும் அப்படியே இருந்தது. “எலி செத்துக் கெடக்குடா” என்று அம்மா தீர்ப்புச் சொல்ல, நானும் பையனும் பீரோவை நகர்த்தினோம். எலி இல்லை. இரண்டு வருஷமாகத் தேடிய ரிமோட்டின் பின்மூடி கிடைத்தது. அந்த ரிமோட்டைத் தூக்கிப் போட்டே ஒரு வருஷம் ஆகிறது. நாங்கள் மூச்சு வாங்குவதை துரை சோபாவில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது தலையை ஆட்டினான். அங்கே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறான் பாவம்.

அன்று சாயங்காலம் அவனைத் தடவிக்கொடுக்கும்போது தற்செயலாக ஒரு காது மடங்கித் திரும்பிக்கொண்டது. மூக்கில் வந்து அறைந்தது வாடை. உள்ளே பார்த்தால் தோல் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. மடிப்புகளில் பழுப்பு மெழுகு அப்பிக் கிடந்தது. காதடியைத் தொட்டதும் துரை சின்னதாக முனகி, தலையைத் தரையில் தேய்த்தான்.

அதற்குள் வீட்டில் மூன்று வைத்தியர்கள் உருவாகிவிட்டார்கள். அம்மா எண்ணெய் கட்சி. “ரெண்டு சொட்டு காய்ச்சி ஊத்துடா. சின்ன வயசுல உனக்கும் அதான் ஊத்துனேன்.” மனைவி உடனே, “அதான் நான் கூப்பிட்டா அவருக்குக் கேக்கறதே இல்ல” என்றாள். பையன், எதையோ ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிடும் என்றான். நான் செயல்வீரன். பேசாமல் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். குச்சி பழுப்பாக வந்தது. ஏதோ கிணறு தூர்வாரிய பெருமையோடு எல்லோருக்கும் காட்டினேன்.

மறுநாள் டாக்டரிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். அந்தம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், உங்க வீட்டுக் குழாயில எல்போ பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். நாயின் காதுக்குழாய் அந்த எல்போ மாதிரியாம். நேராகக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பிப் போய், கடைசியில் செவிப்பறை. குச்சியில் ஒட்டி வந்தது கொஞ்சம். மீதியை நான் வளைவுக்குள் தள்ளி இறுக்கியிருக்கிறேன். தூர்வாரவில்லை, அடைத்திருக்கிறேன். நுரைக்கும் மருந்தும் ஸ்பிரிட்டும் வெந்த தோலை இன்னும் எரிய வைக்கும் என்றார். எண்ணெய் விஷயத்தை நான் வாயே திறக்கவில்லை. அம்மாவின் மானம் காப்பாற்றப்பட்டது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். மூன்று நாள் என்றேன் நான், ஒரு வாரம் என்றாள் மனைவி, பையன் “ஸ்கூல் லீவு விட்டதுலேருந்து” என்றான். டாக்டர் எதை எழுதிக்கொண்டாரோ தெரியாது. விளக்கு வைத்த ஓட்டோஸ்கோப்பை உள்ளே விட்டு முதலில் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடுமாம். போன தடவை மிச்சமான மருந்தையோ அடுத்த வீட்டு நாயின் மருந்தையோ ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். அப்புறம் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பையனையும் பார்க்க விட்டார். ஊதா நிறத்தில் வேர்க்கடலைத் தோடு மாதிரி குட்டிகுட்டியாக நிறைய இருந்தது என்றான்.

அது மலசீசியா என்கிற ஈஸ்ட், ஒருவகைப் பூஞ்சை. நல்ல காதிலும் கொஞ்சம் குடியிருக்குமாம். தொங்குகாது மூடிபோட்டு, உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் குடும்பத்தோடு பெருகிவிடும். போதாக்குறைக்கு காக்கருக்குக் காதுக்குள் முடியும் மெழுகும் அதிகம். காபித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம். அது கூடவே வளரும் பூனைக்கும் தொற்றும். மஞ்சளாகச் சீழ் வடிந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இப்படியே ஆட்டிக்கொண்டிருந்தால் காதுமடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து மடலே தலையணை மாதிரி வீங்கிவிடும், தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் அன்றைக்கே ஓடி வரணும் என்றும் சொன்னார்.

“காலை நக்குவானா?”

“ராத்திரி பூரா நக்குவான். சுத்தமான பிள்ளை” என்றாள் மனைவி.

அது சுத்தம் இல்லையாம், அரிப்பு. தோலில் அலர்ஜி இருக்கிற நாய்க்குக் காதுநோய் திரும்பத் திரும்ப வரும். அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது நிற்கும் என்றார். நாலு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி மெச்சிக்கொண்ட நல்ல பழக்கம் ஒரே வார்த்தையில் நோயாகிப்போனது.

பதினாலு நாள் மருந்து, காலையும் மாலையும். முதலில் கழுவும் திரவம். காதுமடலைத் தூக்கிப் பிடித்து, குழாய் நிறைய ஊற்றி, காதடியை வெளியிலிருந்து அரை நிமிஷம் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக் என்று சேற்றில் நடக்கிற சத்தம் வரும். துரைக்கு அது சுகமோ கூச்சமோ, பின்னங்கால் ஒன்று தானாகக் காற்றில் சைக்கிள் மிதித்தது. அப்புறம் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நிற்க வேண்டும் என்பதை டாக்டர் சொன்னபோது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை ஒரே ஒரு உதறு உதறினான். என் கண்ணாடி, சட்டை, சுவர், சுவரில் மாட்டிய எங்கள் கல்யாணப் போட்டோ, எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளிகள். போட்டோவில் எனக்கு மட்டும் மீசை கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது.

விரல் போகிற ஆழம் வரைக்கும் மட்டும் பஞ்சால் துடைத்து, பத்து நிமிஷம் கழித்துச் சொட்டு மருந்து. பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் திடுக்கிட மாட்டான் என்றார்கள். வாஸ்தவம்தான், ஆனால் அதற்கு அவன் கையில் கிடைக்க வேண்டுமே. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்குமாம். துரைக்கு மூன்றாம் நாளே, நான் இரண்டு அறை தள்ளி மூடியைத் திருகுவது கேட்டது. கட்டிலுக்கடியில் நடுமத்தியில் போய்ப் படுத்துக்கொள்வான், எந்தப் பக்கமிருந்தும் கை எட்டாத இடத்தில்.

ஆறாம் நாள் வாடை இல்லை, சிவப்பு இல்லை, ஆட்டலும் இல்லை. குணமாகிவிட்டது என்று நானே முடிவுசெய்து மருந்தை நிறுத்தினேன். கட்டிலுக்கடியில் ஊர்ந்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம். பத்தே நாள். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி பட் பட் பட்.

“முழுசா போட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“போட்டோமே, கிட்டத்தட்ட...” என்று நான் இழுப்பதற்குள் பையன், “அஞ்சு நாள் ஆன்ட்டி” என்றான். துரைகூட என்னைத் திரும்பிப் பார்த்தான். மேலே தெரியாவிட்டாலும் வளைவுக்குள் கிருமி மிச்சம் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் தான் பார்த்துச் சொன்ன பிறகே நிறுத்தணும் என்றார். இந்த முறை காலண்டரில் கட்டம் போட்டு, துண்டில் சுருட்டிப் பிடித்து, பதினாலு நாளும் முடித்து, அவரிடம் காட்டி அனுமதி வாங்கினோம்.

இப்போது குளிப்பாட்டும்போது தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்கிறோம். இறங்கிவிட்டால் காய வைக்கிறோம். காதைச் சுற்றியுள்ள முடியைக் குட்டையாக வெட்டியாகிவிட்டது. சும்மா சும்மா கழுவினாலும் தோல் கெடுமாம், அதனால் வாரம் ஒருநாள் மோந்து பார்ப்பதோடு சரி. அந்த வேலை எனக்கு. சாக்ஸ் வாடையிலேயே பழகிய மூக்கு, தாங்கும் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் துரையின் காதுக்குள் மூக்கை விட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டிருக்கிறாள், ஒருமுறை இல்லை, நாலு முறை. துரைக்கு முதல் தடவையே கேட்டு எழுந்து ஓடிவிட்டான். நான் காலியான இடத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தேன்.

“டேய், அந்த டாக்டரம்மா மனுஷனுக்குப் பாப்பாங்களான்னு கேட்டியா?” என்றாள் அம்மா.