ஊசி போட்ட மாட்டுப் பால்

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் லேப் வேலை பார்க்கிறேன். ஓணம் நெருங்கினால் கேரளாவில் பால் தேவை ஏறிவிடும், செக்போஸ்ட்டில் கேரள பால்வளத் துறை டேங்கர்களை நிறுத்திச் சோதிப்பதும் கூடும்.

அப்படி ஒரு ஓணம் நேரத்தில்தான் ஒரு அக்காவின் கேனில் ஆண்டிபயாடிக் காட்டியது. மருந்து கலக்காத பால் என்றால் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு வரவேண்டும். மேல் கோடு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, மருந்துக்கான கோடு எழும்பவே இல்லை. கேட்டதும் மறைக்காமல் சொன்னார்: "மடிநோய் தம்பி, முந்தாநாள் டாக்டர் ஊசி போட்டாருங்க. கறவை ஒண்ணுதானுங்களே, ஊத்தலைன்னா வாரக் கடன் எப்படிங்க கட்டறது?" மேலே இருப்பவர், ஒரு கேன்தானே, கூலரில் கலந்தால் தெரியவா போகிறது என்றார்.

தத்துவ அறிஞர் பெந்தாம் சொன்ன கணக்கு, எல்லாருடைய நன்மை தீமையையும் கூட்டிப் பார் என்பது. கூட்டினால் அந்த அக்காவின் ஒரு வேளைப் பால் காசு ஒரு பக்கம், பெனிசிலின் மாதிரி ஆண்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாத யாரோ ஒரு குழந்தை மறுபக்கம். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுசாகப் போகாது. இன்னொரு தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதியது வேறு வழி: நீ செய்வதை எல்லாரும் செய்தால் நிற்குமா என்று பார். எல்லாரும் ஒரு கேன்தானே என்று ஊற்றினால் கூலர் முழுக்க மருந்துதான், உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விட்டன, கேனைத் திருப்பி அனுப்பினேன். எதிரில் நிற்கிறவரின் முகம் தெரிகிறது, பாலைக் குடிக்கப்போகிறவரின் முகம் தெரியாது. அந்தத் தெரியாத ஆளை நினைக்க வைப்பதற்கே எனக்கு இந்தத் தத்துவப் படிப்பு உதவுகிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. உண்மை சொன்னவருக்கு நஷ்டம் என்றால் அடுத்தவர் ஏன் சொல்லப்போகிறார்? மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றும் கான்ட்தான் சொன்னார், அது இந்த அக்காவுக்கும் பொருந்தும். அப்புறம் எங்கள் அப்பாவும் பால் ஊற்றியே எங்களைப் படிக்க வைத்தார், யாரையும் வரிசையில் நிற்க வைத்துத் தலைகுனிய விடாதே என்பார். அதனால் தனியே கூப்பிட்டுப் பட்டையைக் காட்டி விளக்கினேன், எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும் என்று டாக்டரிடமே போனில் கேட்டுச் சொன்னேன், ரிஜிஸ்டரில் கலப்படம் என்று எழுத மறுத்துவிட்டேன்.

இப்போது காலையில் கேன் திறக்கும் முன்பே எல்லாரிடமும் ஊசி போட்டீர்களா என்று கேட்கிறோம். சொல்கிறார்கள். முன்கூட்டியே சொல்பவருக்கு அந்த நாட்களுக்குப் பாதி விலையாவது கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன், இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.