ராணுவக் கோப்புகளில் யூதப் படுகொலையைத் தேடியபோது

யூதர்களைக் கொன்றது நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைதான், சாதாரண ராணுவம் போர் மட்டுமே செய்தது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகலை ஆய்வுக்காக நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த பெலாரஸ் பற்றிய கோப்புகளைப் படித்த எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வருகிறது.

கோப்புகள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்வேனியோ என்ற இணையத் தேடலில் கோப்பு எண்ணை எடுத்து, விண்ணப்பம் கொடுத்து, வாசிப்பறையில் இடம் பதிய வேண்டும். காலாட்படை டிவிஷன்கள் ஆர்ஹெச் 26 வரிசையில் வரும், அதற்குப் பின் டிவிஷன் எண். சில தொடர்கள் பாதியில் நின்றுவிடும். 1945 ஏப்ரலில், அப்போது ராணுவக் காப்பகம் இருந்த போட்ஸ்டாம் நகர் மீது குண்டு விழுந்தபோது எரிந்துபோனவை ஏராளம்.

ஒவ்வொரு படைப்பிரிவும் எழுதி வைத்த போர் நாட்குறிப்பை மட்டும் படித்தால் போதாது. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பெக்டோல்ஷைம் தளபதியாக இருந்த 707வது டிவிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941 அக்டோபர், நவம்பரில் ஒரு மாதத்துக்கான அறிக்கை, தன்கீழ் இருந்த போலீஸ் படைகளையும் சேர்த்து, 10,940 பேர் பிடிபட்டதாகவும் அவர்களில் 10,431 பேர் சுடப்பட்டதாகவும் சொல்கிறது. ஜெர்மானியர் தரப்பில் இறந்தது 2 பேர், காயம் 5 பேர். கெரில்லாக்களுடன் சண்டை நடந்திருந்தால் இப்படி ஒரு கணக்கு வருமா? சுடப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஆயுதமே இல்லாத யூதர்கள்.

ராணுவக் கோப்பு சொல்லாததை நீதிமன்றத் தீர்ப்பு சொல்லும். 1941 செப்டம்பரில் பெலாரஸின் மொகிலெவ் நகரில் கெரில்லா எதிர்ப்புப் பயிற்சி நடந்தது. யூதர் என்றாலே கெரில்லா என்று அங்கே அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் 691வது ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் தளபதி, தன்கீழ் இருந்த மூன்று கம்பெனிகளின் (சிறு படைப்பிரிவுகளின்) தலைவர்களிடம் அவரவர் பகுதி யூதர்களைக் கொல்லச் சொன்னார். ஒருவர் உடனே செய்தார். இன்னொருவரான நோல் எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்கி, க்ருச்சா என்ற ஊரில் செய்து முடித்தார். மூன்றாமவரான ஸிபில் முடியாது என்றார். அவருக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. 1950களில் டார்ம்ஸ்டாட் நீதிமன்றம் நோலைத் தண்டித்தது. 'உத்தரவு, மறுக்க முடியவில்லை' என்று யாராவது சொன்னால் நான் ஸிபிலைத்தான் காட்டுகிறேன்.

ஃப்ரைபர்க் போக முடியாதவர்கள், போருக்குப் பின் அமெரிக்கர்கள் இந்தக் கோப்புகளைப் படமெடுத்த மைக்ரோஃபிலிமில் தொடங்கலாம். டிவிஷன் கோப்புகள் டி-315 வரிசை. ஜெர்மன் தெரிய வேண்டும், ஆனால் அறிக்கைகள் பெரும்பாலும் தட்டச்சில்தான் இருக்கின்றன.