தானா தண்ணி புடிக்கிற மெஷின்: கத்திரி மாச நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்னிக்குத்தான் ஆரம்பம், வேலூர் சத்துவாச்சாரியில காலையிலயே மலைப்பக்கம் இருந்து அனல் இறங்குது. இந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் ஆட்டம் காட்டுது. பெட்ஷீட்டெல்லாம் போட்டு நார்மல்ல வெச்சிட்டு சமையலுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து பார்த்தா டிரம்முல விளிம்பு வரைக்கும் தண்ணி, மிச்சம் ஓவர்ஃப்ளோ வழியா சாக்கடைக்குப் போயிட்டே இருக்கு, மாடி டேங்க் பாதி காலி. கார்ப்பரேஷன் தண்ணி நினைச்சப்ப வர ஊரா இது? வயிறு எரிஞ்சுது.

சாயங்காலம் மறுபடி போட்டேன், அப்ப வேற கதை. ஸ்பின் சுத்திட்டு இருக்கும்போதே டிஸ்ப்ளே அணைஞ்சு எரிஞ்சு, ஏதோ இப்பதான் துணி போட்ட மாதிரி முதல்ல இருந்து ஆரம்பிக்குது. அத்தை வந்து எட்டிப் பார்த்துட்டு "இன்னாம்மா இது, பேய் கீய் புடிச்சிக்கிச்சா? காயலாங்கடையில போட்டுட்டு கல்லுல தொவைச்சிக்கினு போவியா"ன்னாங்க. கல்லுல துவைக்கப் போறது யாருன்னு நான் கேக்கல.

மே 5, திங்கள்

சர்வீஸ் ஆள் வந்தாரு. மேல் மூடியைக் கழட்டினாரு, டார்ச் அடிச்சாரு, "மெஷினை இயக்கற எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சு மேடம், 4,800 ஆகும்"னாரு. ஒரு தடவைகூட தண்ணி விட்டு ஓட்டிப் பார்க்கல. எப்ப நிரம்புது எப்ப நிரம்பலன்னு ஒரு கேள்வி கேக்கல. யோசிச்சு சொல்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன், விசிட் சார்ஜ் மட்டும் தண்டம். குடியாத்தத்துல அம்மா வீட்டுல பத்து நாள்ல கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதுக்குள்ள இது சரியாகணும், இல்லன்னா மஞ்சத்தண்ணி துணியெல்லாம் என் தலையில.

மே 7, புதன்

இன்னிக்கு நானே உக்காந்துட்டேன். முதல்ல தண்ணியை உள்ள விடற இன்லெட் வால்வு. அது கரண்ட் வந்தா மட்டும் திறக்கிற சாமான், அதனால தண்ணி ஏறிட்டு இருக்கும்போதே பிளக்கைப் புடுங்கிப் பார்க்கணும். அப்பவும் தண்ணி வந்துட்டே இருந்தா வால்வுலயே தூசியோ உப்போ அடைச்சு மூட முடியாம நிக்குதுன்னு அர்த்தம். பிளக்கை எடுத்ததும் தண்ணி டக்குன்னு நின்னுச்சு, அப்ப வால்வு நல்லாத்தான் இருக்கு, யாரோ அதைத் திறக்கச் சொல்லிட்டு இருக்காங்க.

அடுத்தது தண்ணி வெளிய போற டிரெய்ன் பைப். அது ரொம்ப ஆழமா சாக்கடைக்குள்ள போயிருந்தா தண்ணி தானா இழுத்துட்டு வெளிய போகும், மெஷினும் குறையுதேன்னு புடிச்சிக்கிட்டே இருக்கும்னு சொல்லுவாங்க. ஆனா இங்க தண்ணி குறையவே இல்லையே, ஏறிட்டுதானே போகுது! அதனால அதையும் விட்டுட்டேன்.

வால்வு வாயில இருக்கிற சின்ன வலையைக் கழட்டினா வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு. எங்க போர் தண்ணி அப்படி. குடிதண்ணியில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியில்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணய அமைப்பு (பிஐஎஸ்) சொல்லுது. எங்க போர் தண்ணி அந்தக் கணக்கைப் பார்த்தா சிரிக்கும். எலுமிச்சம்பழம் தேய்ச்சு கழுவி மாட்டினேன், தண்ணி வேகமா வருது, ஆனா நோய் அது இல்ல.

மே 8, வியாழன்

மாமாவோட பழைய மல்டிமீட்டரை வெச்சு மெஷின் பிளக்குல வோல்டேஜ் பார்த்தோம். காலையில 228. சாயங்காலம் ஏழரைக்கு மேல தெருவே ஏசி போட்டுடுது, அப்ப 180 கிட்ட ஆடுது. அந்த டிஸ்ப்ளே அணைஞ்சு எரியறது அந்த நேரத்துல மட்டும்தான். காலையில ஒருநாளும் அப்படி ஆகல.

அப்பதான் புரிஞ்சுது, இது ரெண்டு வியாதி ஒரே உடம்புல. சாயங்காலம் நடக்கிறது வேற, தண்ணி நிரம்பறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் பார்த்தா போர்டு பைத்தியம் புடிச்ச மாதிரிதான் தெரியும், அந்த சர்வீஸ் ஆளும் அதைத்தான் சொல்லிட்டுப் போனாரு. வோல்டேஜுக்கு இப்போதைக்கு வழி காலையில துவைக்கிறதுதான், ஸ்டெபிலைசர் அப்புறம் பார்த்துக்கலாம்னு மாமா சொல்லிட்டாரு.

மே 9, வெள்ளி

தண்ணி நிரம்பற விஷயத்துக்கு வரேன். குயிக் வாஷ் போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, ஒழுங்கா அளவுல நின்னு துவைச்சு முடிச்சிடுது. ஊற வைக்கிற மோடு போட்டாத்தான், சரியா நிரம்பி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சர்ருனு தண்ணி புடிக்குது, மறுபடி கொஞ்ச நேரம், மறுபடி சர்ரு. துணி அதிகமா கம்மியாங்கிறதெல்லாம் கணக்கே இல்ல, எவ்ளோ நேரம் தண்ணி நிக்குதுங்கிறதுதான் கணக்கு.

தண்ணி எவ்ளோ இருக்குன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணா இருக்கு? டிரம்முக்கு அடியில ஒரு சின்ன காத்து அறை, அதுல இருந்து மெல்லிசா ஒரு ரப்பர் டியூப் மேல சென்சாருக்குப் போகுது. தண்ணி ஏற ஏற உள்ள மாட்டின காத்து அமுங்கும், அந்த அழுத்தத்தை சென்சார் போர்டுக்குச் சொல்லும். ஒரு சென்டிமீட்டர் தண்ணிக்கு சுமார் 98 பாஸ்கல், முப்பது சென்டிமீட்டர் நின்னாக்கூட மூவாயிரம் பாஸ்கல்கூட வராது. சைக்கிள் டியூபுல இருக்கிறதுல நூத்துல ஒரு பங்கு. அவ்ளோ கம்மியான அழுத்தத்துல காத்து கொஞ்சம் கசிஞ்சாலும் போச்சு. காத்து மெதுவா வெளிய போகப் போக தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு மெஷின் நினைச்சிக்கும். குயிக் வாஷ்ல கசியறதுக்கு நேரமே கிடைக்கல, அவ்வளவுதான்.

மே 10, சனி

பிளக்கை எடுத்துட்டு, டேப்பை மூடிட்டு, பின்பக்க தகடைக் கழட்டினோம். டியூபை ரெண்டு பக்கமும் உருவி எடுத்து, ஒரு முனையை விரலால அடைச்சு, நடுப்பக்கத்தை மக் தண்ணியில முக்கி மெதுவா ஊதினேன் (சென்சாருக்குள்ள மட்டும் ஊதிடக் கூடாது, உள்ள இருக்கிற தாள் மாதிரி சவ்வு கிழிஞ்சிடும்). முட்டை முட்டையா காத்து வருது! டியூபைக் கட்டி வெச்சிருந்த கேபிள் டை அறுந்து தொங்குது, ஸ்பின் ஆடும்போதெல்லாம் டியூப் டிரம் மேல உரசி உரசி ஒரு இடம் மெலிஞ்சு ஊசி ஓட்டை. பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கிறப்ப மெஷினை இழுத்து நகர்த்தினாங்க, அப்ப அறுந்திருக்கும்னு மாமா சொல்றாரு.

அத்தைக்குக் காட்டினேன். "இந்த நூல் மாதிரி இருக்கிறதுக்கா அவன் ஐயாயிரம் கேட்டான்?"

மே 12, திங்கள்

தோட்டப்பாளையம் பக்கம் ஸ்பேர் கடை. கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல வெந்து போய்ச் சேர்ந்தேன். பழைய டியூபை எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு, உள்விட்டம் ஒத்து வரணும், லூஸா இருந்தா மறுபடி கசியும். நூறு ரூபாகூட ஆகல. கடைக்கார அண்ணன் "காத்து அறையையும் கழுவிடுங்கக்கா, சோப்பு சேறு அடைச்சிருக்கும்"னாரு, சேறு நிஜமாவே இருந்துச்சு, பச்சையா. புது டியூபை டிரம்முல படாத மாதிரி ஓரமா இழுத்துக் கட்டினேன்.

ஊற வைக்கிற மோடுல போட்டுட்டு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்தேன். நிரம்புச்சு, நின்னுச்சு, அதுக்கப்புறம் ஒரு சொட்டு புடிக்கல.

மே 17, சனி

சிரசு முடிஞ்சு நேத்து ராத்திரி வந்தோம். வைகாசி 1 அன்னிக்கு குடியாத்தத்துல நிக்க இடமில்ல, பசங்க சட்டையெல்லாம் மஞ்சளும் குங்குமமும். காலையில ஏழு மணிக்கே ரெண்டு லோடு. மஞ்ச கறையில சோப்பு பட்டதும் செவப்பா மாறும், பயந்துட வேணாம், சோப்புல இருக்கிற காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நல்லா அலசிட்டு நேரடி வெயில்ல போட்டா போதும், மஞ்சள் வெயில் தாங்காது. இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள பாதி போயிடுச்சு, மீதியை நாளைக்கு இன்னொரு அலசு. அத்தை இப்ப கிரைண்டர்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொல்லிக்கினு இருக்காங்க.