பழைய மாருதிக்கு ஒரு ரகசிய சுவிட்ச்

என் கார் 2004 மாருதி 800. பீரோ சாவியைப் போட்டு ஆட்டினாலும் இக்னிஷன் திரும்பிவிடும் என்கிற நிலைமை. பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி காணாமல் போனதும் தூக்கம் போய்விட்டது. பெட்ரோல் பம்ப்பை நிறுத்த ஒரு ரகசிய சுவிட்ச் வைத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

பம்ப்புக்குப் போகும் வயரையே வெட்டி நடுவில் சுவிட்சைப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்த எலெக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். “பம்ப் நாலஞ்சு ஆம்பியர் இழுக்கும் சார், இந்தச் சின்ன சுவிட்ச் கருகிடும். ரிலேல காயில் வயரைப் பிடிங்க.” ரிலே என்பது சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்ச்; அதை இயக்கும் காயில் இழுப்பது 0.2 ஆம்பியர்கூட வராது.

சரி, ரிலே எது? டேஷ்போர்டுக்கு அடியில் ஒரே மாதிரி சில இருந்தன. மகனைச் சாவி போடச் சொல்லி, ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்று ஒரு தடவை 'டிக்' என்று துடித்ததோடு சரி. இன்னொன்று துடித்து, பின்னால் பம்ப் முனகி, இரண்டு மூன்று விநாடியில் மறுபடி துடித்து அடங்கியது. அதுதான் பம்ப் ரிலே.

ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். 30, 87 பம்ப்புக்கான கரண்ட். 85, 86 காயில். என் வண்டியில் காயிலின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வருகிறது, மறுமுனையை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எர்த் செய்கிறது. நான் இசியு பக்கத்து வயரைத்தான் வெட்டினேன். சுவிட்சுக்குப் போகும் வயர் என்றாவது உரசி பாடியில் பட்டாலும், பாடியும் எர்த்தான் என்பதால் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பூட்டு வேலை செய்யாமல் போகலாம், நடுரோட்டில் வண்டி நிற்கக் கூடாது. எஞ்சின் நின்றால் ஓரிரு மிதியில் பிரேக் பெடலும் கல்லாக இறுகிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இணைப்புகளை சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

சுவிட்சை அணைத்து ஸ்டார்ட் செய்தால் வண்டி ஜம்மென்று கிளம்பியது! வேறு வயரை வெட்டிவிட்டேனோ என்று வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இருமி நின்றது. பைப்பில் தங்கியிருந்த பிரஷர்தான் காரணம். அது இறங்கியதும், எவ்வளவு சுற்றினாலும் பிடிக்கவில்லை.

சுவிட்ச் எங்கே என்று சொல்லப்போவதில்லை. ஆனால் போன வாரம் அவசரமாகக் கிளம்பும்போது பேட்டரி இறங்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பம்ப் போச்சு என்று எலெக்ட்ரீஷியனுக்கு போனும் போட்டுவிட்டேன். “சுவிட்சைப் போட்டீங்களா சார்?” என்றார்.