கொள்முதல் மேலாளர் நேர்காணல்: கோவை நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் மேலாளர் பணிக்கான முதல் சுற்று முடிந்தது. எச்.ஆர். அதிகாரி அனுபவத்தையும் சம்பள எதிர்பார்ப்பையும் மட்டுமே கேட்டார்.

ஜூன் 13, 2024

இன்று ஆலைத் தலைவரும் பொது மேலாளரும் அமர்ந்திருந்தனர். வார்ப்பிரும்பால் ஆன பம்பு உறை ஒன்றை என் முன் வைத்து, "ஃபவுண்டரி (வார்ப்பாலை) சொல்லும் விலை நியாயம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று பொது மேலாளர் கேட்டார். கிலோவுக்கு இவ்வளவு என்று பேரத்தைத் தொடங்காமல், ஸ்கிராப் (பழைய இரும்பு), பிக் அயர்ன் (உருக்குவதற்கான கட்டி இரும்பு), உலைக்கான மின்சாரம், அச்சு மணல், கோர் (வார்ப்பின் உள்வெற்றிடத்தை அமைக்கும் அச்சு), ஃபெட்லிங் (வார்ப்பைச் சுத்தம் செய்தல்), ரிஜெக்ஷன் (கழிபடும் வார்ப்புகள்), லாரி வாடகை என்று தனித்தனியாகக் கணக்குக் கேட்க வேண்டும் என்றேன். ஊற்றும் இரும்பில் ஒரு பகுதி அச்சுக்குள் அது ஓடும் வழியான ரன்னரிலும், இறுகும்போது சுருங்குவதை ஈடுகட்டும் ரைசரிலும் தங்கி மறுபடி உலைக்கே போவதால், அச்சு எடுக்கும் மாதிரியான பாட்டர்னைத் திருத்தி, ஊற்றியதில் வார்ப்பாகக் கிடைக்கும் பங்கான ஈல்டைக் கூட்டினால், ஃபவுண்டரியின் லாபத்தில் கைவைக்காமலே விலையைக் குறைக்கலாம் என்பதையும் விளக்கினேன்.

உறையின் விளிம்பில் கடுகளவு மணல் துளை ஒன்று இருந்தது. மெஷினிங் (இயந்திரத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருதல்) முடிந்த பிறகு இது தெரியவந்தால் நட்டம் யாருக்கு என்று ஆலைத் தலைவர் கேட்டார். வார்ப்பின் விலையோடு மெஷினிங் கூலியையும் யார் ஏற்பது என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும் என்றேன். இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் இந்தப் பணிக்குக் கேட்க வேண்டும்.

ஜூன் 19, 2024

இறுதிச் சுற்றில் நிதிப் பிரிவுத் தலைவர், சப்ளையர்களுக்குப் பணம் தரும் கெடுவை 90 நாளாக நீட்டிக்க முடியுமா என்று கேட்டார். குறு, சிறு நிறுவனங்களுக்கு அது முடியாது என்று தயங்காமல் சொன்னேன். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவின்படி, கெடு தாண்டிய தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். சட்டம் ஒருபுறம் இருக்க, மின்கட்டணத்தையும் வாரக்கூலியையும் தள்ளிப்போட முடியாத சிறு ஃபவுண்டரிக்காரரின் பணத்தில் நாம் தொழில் நடத்துவது நியாயமில்லை என்றும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சப்ளையர்கள் தங்கள் பில்களைக் காட்டி நிதி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் இணையத் தளத்தைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 26, 2024

பணி உறுதியானது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவுள்ள சப்ளையர்களைத் தனியே பிரித்து, நிலுவைப் பட்டியல் தயாரிப்பதே முதல் வேலை என்று பொது மேலாளர் தொலைபேசியில் தெரிவித்தார்.