கட்டில்களே சுவரான வீடு

கார்டிஃப் நகரத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே செயின்ட் ஃபேகன்ஸ் வந்துவிடுகிறது. வேல்ஸின் பல மூலைகளிலிருந்து பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். பண்ணை வீடு, தேவாலயம், தையல்கடை, சேவல் சண்டைக் கொட்டகை என்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. 1948-ல் திறந்த அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு நாளில் முழுக்கப் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு சின்ன வீட்டிலேயே பாதி நாள் போய்விட்டது.

அந்த வீட்டின் பெயர் லைன்வாடின். தமிழில் இவ்வளவுதான் எழுத முடிகிறது. முதல் எழுத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், ‘ல’ சொல்லப் போவதுபோல் நாக்கை மேலே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். உள்ளே பணியில் இருந்த பெரியவர் மூன்று முறை சொல்லிக் காட்டினார். நாலாவது முறை எனக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

வடமேற்கு வேல்ஸில் ரோஸ்த்ரிவன் என்ற ஊரில் 1762-ல் கட்டிய வீடு இது. ஸ்லேட் கல் வெட்டி எடுக்கும் பகுதி. குவாரித் தொழிலாளர்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தார்கள். குவாரி வேலை போக, கொஞ்சம் நிலமும் ஒன்றிரண்டு மாடும் வைத்துப் பிழைத்த குடும்பங்கள் அங்கே நிறைய.

சுவரை முதலில் பார்த்தபோது இது கட்டியதா, தானாகக் குவிந்ததா என்றே தோன்றியது. செதுக்கிய கல் இல்லை. மலையில் கிடந்த பாறாங்கற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். அதில் சில கற்களை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. மழையில் நனைந்திருந்த ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக, அங்கங்கே வெள்ளைப் பாசி படர்ந்து கிடந்தது. அதற்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் அளவு பார்த்துச் சின்னச் சின்னச் சில்லுகளைச் செருகியிருந்தார்கள். பெரிய கல்லைத் தூக்கப் பலம் போதும். எந்தச் சில்லு எந்த இடுக்கில் உட்காரும் என்று தெரிய நல்ல கண் வேண்டும். எனக்கு அந்தச் சில்லுகளை வைத்த ஆள் மேல்தான் மரியாதை அதிகம்.

குனிந்து உள்ளே போனால் ஒரே அறை. ஜன்னல் சின்னது. சுவரின் கனத்தைத் தாண்டித்தான் வெளிச்சம் வர வேண்டும். அடுப்பில் நெருப்பு மூட்டியிருந்தார்கள், அதனால் வீட்டுக்கு உயிர் இருந்தது. 1870 வாக்கில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்குமோ அப்படிச் சாமான்களை வைத்திருக்கிறார்கள்.

படுக்கையறை எங்கே என்று தேடினேன். கட்டில்தான் படுக்கையறை! தலைக்கு மேலேயும் பலகை அடித்த பெட்டிக் கட்டில்கள் இரண்டு. அவற்றை நிறுத்தியே அறையைத் தடுத்துவிட்டார்கள். தனியாகத் தடுப்புச் சுவர் எதற்கு? கட்டிலுக்குள் புகுந்துவிட்டால் குளிர்காற்று அடிக்காது. ஒரே அறையில் இருந்தாலும் அவரவருக்குக் கொஞ்சம் மறைவும் கிடைக்கும்.

அதற்கு மேலே ஒரு பரண். அரை வீட்டுக்கு மட்டும் பலகை போட்டு, கூடத்தின் பக்கம் திறந்துவிட்டது. க்ரோக்லாஃப்ட் என்கிறார்கள், தொங்கும் பரண் என்று அர்த்தம். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். கூரை சரிந்து வருவதால் பெரியவர்கள் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, பிள்ளைகளுக்கான இடம். அடுப்பின் சூடு மேலே எழும்பி நேரே அங்கேதான் போகும். புகையும் கூடவே போகும், அதையும் சொல்ல வேண்டும். ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, ஸ்லேட் கூரை மேல் மழை விழும் சத்தம் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மற்ற வீடுகளையும் வேகமாகப் பார்த்தேன். கெட்டது அண்டாமலிருக்கச் சிவப்பு பூசிய கெனிக்ஸ்டன் வீடு. மெர்தர் என்ற ஊரிலிருந்து வந்த ரிடிகார் வரிசை வீடுகள். அந்த ஆறு வீடுகளையும் 1805 முதல் 1985 வரை ஆறு வேறு காலங்களாக அலங்கரித்திருக்கிறார்கள். அதற்கே தனியாக எழுத வேண்டும்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. கற்களுக்கு எண் போட்டு வீட்டைக் கொண்டுவந்துவிடலாம், மலைச் சரிவைக் கொண்டுவர முடியாது. லைன்வாடின் இப்போது நிற்பது மரங்கள் அடர்ந்த, காற்று அடங்கிய சமதளத்தில். இவ்வளவு கனமான சுவரும் இவ்வளவு சின்ன ஜன்னலும் எந்தக் காற்றுக்குப் பயந்து வந்தவை என்று இங்கே நின்றால் தெரியாது. இங்கே கொண்டுவராவிட்டால் இடித்துப் போட்டிருப்பார்களோ என்னவோ, காப்பாற்றியதே பெரிய காரியம். ஆனாலும் அந்தச் சரிவைப் பார்க்காமல் இந்த வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல மனசு வரவில்லை.

பெரியவரிடம் சொன்னேன். “அப்படியானால் கயர்நார்வன் ஊருக்குப் போங்கள், ரோஸ்த்ரிவன் அங்கிருந்து பக்கம்தான்” என்றார். வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பகுதி 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். வரும் ஜூனில் போவதாக இருக்கிறேன்.